இருநூறு என்னும் கோடு

(வரலாற்றுத் தொடர் – பகுதி 19)

டெல்லி சாணக்யபுரியில் சாந்தி பத் சாலைக்கு எப்போது போனாலும் கூட்டம் இருக்காது. அகலமான சாலை, இருபுறமும் மரங்கள், மரங்களுக்குப் பின்னால் உயர்ந்த மதில்கள், மதில்களுக்குப் பின்னால் கொடிகள். 1950களில் நேருவின் அரசு வெளிநாட்டுத் தூதரகங்களுக்கென்றே இடம் ஒதுக்கி எழுப்பிய பகுதி இது. பிரிட்டன், ஜெர்மனி, பிரான்ஸ், அமெரிக்கா என்ற நான்கு நாடுகளின் தூதரகங்களும் இந்த ஒரே சாலையில் இருக்கின்றன. அமெரிக்கத் தூதரகத்தைக் கட்டிடக் கலைஞர் எட்வர்ட் டுரெல் ஸ்டோன் வடிவமைத்தார். வெயிலை வடிகட்டும் வெள்ளைச் சல்லடைச் சுவர்களோடு 1959 ஜனவரியில் அதைத் திறந்தார்கள்.

இந்த வாரக் கதைக்கு அந்த நான்கு நாடுகளும் வேண்டும். ஒரு ஜெர்மானியரும் ஒரு அர்ஜென்டினாக்காரரும் இங்கிலாந்தில் செய்துபார்த்த ஒரு வேலை அமெரிக்காவில் விற்பனைச் சரக்கானது. பிரான்ஸில் அதற்குப் பெயர் வைத்தார்கள். கடைசியில் அது தாம்பரம் சானடோரியத்துக்கு வந்து, வரிசையில் நிற்கும் ஒருவருக்கு மாத்திரை உண்டா இல்லையா என்று முடிவுசெய்தது. சிடி4 என்ற புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியைத்தான் சொல்கிறேன்.

சென்ற பகுதியில், எச்.ஐ.வி வைரஸ் யாருடைய கண்டுபிடிப்பு என்று பிரான்ஸும் அமெரிக்காவும் அடித்துக்கொண்டதைப் பார்த்தோம். எய்ட்ஸ் வரலாறு என்றாலே பெரும்பாலும் அந்தச் சண்டையைத்தான் எழுதுகிறார்கள். ஆனால் வைரஸ் கையில் சிக்குவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, இது இதுவரை பார்க்காத நோய் என்று மருத்துவர்களுக்குக் காட்டிக்கொடுத்தது குளிர்பெட்டியில் இருந்த ஒரு சின்னப் புட்டி. அந்தப் புட்டியின் கதையை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை.

1975இலிருந்து ஆரம்பிப்போம். கேம்பிரிட்ஜில் மூலக்கூறு உயிரியல் ஆய்வகம். செசார் மில்ஸ்டைன், அர்ஜென்டினாவின் பாஹியா பிளாங்கா ஊரில் 1927இல் பிறந்தவர். சொந்த நாட்டில் 1962 ராணுவப் புரட்சிக்குப் பிறகு அறிவியல் நிறுவனங்களில் நடந்த வேட்டையாடலைச் சகிக்காமல் வேலையை விட்டுவிட்டு கேம்பிரிட்ஜுக்குத் திரும்பியவர். அவரிடம் ஆய்வு செய்ய வந்த இளைஞர் ஜெர்மனியின் ஜார்ஜ் கோலர். இருவருக்கும் முன்னால் இருந்த சிக்கல் எளிமையானது. எலிக்கு ஓர் அந்நியப் பொருளை ஊசி போட்டால், அந்தப் பொருளைப் பிடிக்கும் ஆன்டிபாடி என்ற புரதங்கள் அதன் ரத்தத்தில் உருவாகும். ஆனால் அவை ஒரே ரகமாக இருக்காது. ஆயிரம் ரகம் கலந்த குழம்பு. ஒவ்வொரு ரகத்தையும் பி அணு என்ற ஒரு வெள்ளையணுவும் அதன் வாரிசுகளும் தயாரிக்கின்றன. அந்த அணுவைத் தனியே எடுத்து வளர்க்கலாம் என்றால் சில நாளில் செத்துவிடும்.

சாகாத அணு எது? புற்றுநோய் அணு. செம்மறியாட்டின் சிவப்பணுக்களை ஊசி போட்ட எலியின் மண்ணீரலிலிருந்து எடுத்த அணுக்களை, எலியின் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் அணுக்களோடு இணைத்தார்கள். இணைப்பதற்கு செண்டாய் என்ற வைரஸைப் பயன்படுத்தினார்கள். கலப்பில் பிறந்த அணு தாயிடமிருந்து ஆன்டிபாடி செய்யும் வேலையையும், தந்தையிடமிருந்து சாகாவரத்தையும் வாங்கிக்கொண்டது. ஒரே ஒரு கலப்பணுவைப் பிரித்து வளர்த்தால், ஒரே ரக ஆன்டிபாடி வேண்டிய மட்டும் கிடைக்கும். 1975 ஆகஸ்ட் 7 தேதியிட்ட நேச்சர் இதழில் மூன்று பக்கத்தில் கட்டுரை வந்தது. பிரிட்டனின் தேசிய ஆய்வு வளர்ச்சிக் கழகத்திடம் தகவல் போயும் காப்புரிமை எடுக்கப்படவில்லை. பின்னால் பல்லாயிரம் கோடி டாலர் தொழிலாக வளர்ந்த ஒன்றை, இதற்கு உடனடிப் பயன் என்ன என்று புரியாமல் விட்டுவிட்டார்கள். இதை பிரிட்டிஷ்காரர்களே இன்னும் மன்னிக்கவில்லை. 1984இல் கோலருக்கும் மில்ஸ்டைனுக்கும், டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் ஜெர்னுக்கும் சேர்த்து நோபல் பரிசு வந்தது.

ஆன்டிபாடி இருக்கிறது. அதை வைத்து எதைப் பிடிப்பது?

ரத்தத்தின் வெள்ளையணுக்களில் லிம்போசைட் என்ற வகையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். ஒரே சீருடையில் காலைப் பிரார்த்தனைக்கு நிற்கும் பிள்ளைகள்போல, யார் என்ன வகுப்பு என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் வேலை வேறு. சில ஆன்டிபாடி சுரக்கும், சில கிருமி புகுந்த அணுவைக் கொல்லும், சில மற்றவர்களைத் தூண்டிவிடும், சில அடக்கிவைக்கும். எது எத்தனை இருக்கிறது என்று எண்ணுவதற்கு வழியில்லாமல் இருந்தது. அணுவின் மேல் துருத்திக்கொண்டிருக்கும் புரதம் ஒவ்வொரு வகைக்கும் கொஞ்சம் வேறுபடும். அந்தப் புரதத்தை மட்டும் பிடிக்கும் ஒரே ரக ஆன்டிபாடி இருந்தால், அதில் ஒளிரும் சாயத்தைக் கட்டி அனுப்பி, எது மின்னுகிறது என்று எண்ணிவிடலாம்.

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் ஆர்த்தோ என்ற மருந்து நிறுவனத்தில் பேட்ரிக் குங், கிடியன் கோல்ட்ஸ்டைன் இருவரும் இதைச் செய்தார்கள். லிம்போசைட்டில் ஒரு வகையான மனித டி அணுக்களை எலிக்கு ஊசி போட்டுக் கிடைத்த ஆன்டிபாடிகளுக்கு ஓகேடி1, ஓகேடி3, ஓகேடி4 என்று பெயரிட்டார்கள். 1979இல் சயன்ஸ் இதழில் அறிவித்தார்கள். பாஸ்டனில் எல்லிஸ் ரைன்ஹெர்ஸ், ஸ்டூவர்ட் ஷ்லாஸ்மன் இருவரும் ஓகேடி4 பிடிக்கும் அணுக்கள்தான் மற்ற அணுக்களுக்கு உதவி செய்யும் ரகம் என்று அதே ஆண்டு காட்டினார்கள். கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டில் லியனார்ட் ஹெர்சன்பெர்க் குழுவினர், அணுக்களை ஒன்றன்பின் ஒன்றாக லேசர் கதிர் முன் ஓடவிட்டு, மின்னுவதை எண்ணிப் பிரிக்கும் கருவியை அதற்கு முன்பே உருவாக்கி வைத்திருந்தார்கள். ஹெர்சன்பெர்க் ஓராண்டு கேம்பிரிட்ஜில் மில்ஸ்டைனிடம் இருந்துவிட்டு வந்தவர். கலப்பணுவுக்கு ஹைப்ரிடோமா என்ற பெயர் நிலைத்தது அவரால்தான். ஆளுக்கொரு பெயரில் ஆன்டிபாடிகள் பெருகியதால் 1982இல் பாரிஸில் கூடி, ஒரே புரதத்தைப் பிடிப்பவற்றையெல்லாம் சேர்த்து எண் கொடுத்தார்கள். ஓகேடி4 பிடிக்கும் புரதம் சிடி4 ஆனது இப்படித்தான்.

ஆன்டிபாடி சந்தைக்கு வந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. 1980–81 குளிர்காலத்தில் லாஸ் ஏஞ்சலஸில், கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக மருத்துவமனையில், மைக்கேல் காட்லீப் என்ற இளம் நோயெதிர்ப்பு மருத்துவர் சேர்ந்திருந்தார். ஓர் இளைஞர் வந்தார். தொண்டையெல்லாம் வெண்பூஞ்சை, எடை இழப்பு, பிறகு ஒரு நிமோனியா. அந்த நிமோனியாவுக்குக் காரணமான நியூமோசிஸ்டிஸ் சாதாரண ஆட்களைத் தொடாது. சிறுநீரகம் மாற்றிக்கொண்டு மருந்தால் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருப்பவர்களுக்கும், பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி இல்லாத குழந்தைகளுக்கும் வரும் நோய் அது. புதிதாகக் கைக்கு வந்த ஆன்டிபாடிகளை வைத்து ரத்தத்தைப் பார்த்தார்கள். உதவி அணுக்கள் அநேகமாக இல்லவே இல்லை. மற்ற வகைகள் இருந்தன. இந்த ஒரு வகை மட்டும் துடைத்துவிட்டதுபோல் காணாமல் போயிருந்தது.

பத்து வருடம் முன்பு இதே ஆள் வந்திருந்தால்? லிம்போசைட் குறைவு என்று எழுதி மூடியிருப்பார்கள். எந்த வகை குறைந்தது என்று கேட்கவே ஆயுதம் இருந்திருக்காது. கேம்பிரிட்ஜ், நியூஜெர்சி, ஸ்டான்ஃபோர்ட் மூன்றும் சேர்ந்து கொடுத்த கண்ணாடியை மாட்டிக்கொண்ட மறுநிமிடம் இந்த நோய் முன்னால் வந்து நின்றிருக்கிறது. தற்செயல் என்பதை நான் அதிகம் நம்புகிறவன் இல்லை. நோய் அதற்கு முன்பும் இருந்தது. பார்க்கும் கருவிதான் இல்லை.

இன்னொரு மூலையில் அட்லாண்டாவில், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியில், சாண்ட்ரா ஃபோர்ட் என்ற ஊழியர் மருந்துக் கோரிக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பென்டமிடின் என்ற மருந்து கடையில் கிடைக்காது, அங்கிருந்துதான் போக வேண்டும். மருத்துவர்கள் காரணம் சொல்லாமல், இளைஞர்களின் நிமோனியாவுக்கு அந்த மருந்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவருக்குச் சந்தேகம் வந்து மேலே எழுதினார். 1981 ஜூன் 5ஆம் தேதி சிடிசியின் வாராந்திர இதழில் லாஸ் ஏஞ்சலஸின் ஐந்து இளைஞர்களைப் பற்றிய சின்னக் குறிப்பு வந்தது. அதில் இருவர் இறந்துவிட்டிருந்தார்கள். எய்ட்ஸ் என்ற நோயைப் பற்றி அச்சேறிய முதல் அறிக்கை அதுதான். அந்த சிடிசியின் இந்திய அலுவலகம்தான் பிறகு சாந்தி பத்தின் அமெரிக்கத் தூதரகத்தில் அமைந்தது.

1983இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனம் வைரஸைப் பிடித்தது. அடுத்த கேள்வி, வைரஸ் ஏன் இந்த ஒரு அணுவை மட்டும் தேடிப் போகிறது? 1984 டிசம்பரில் நேச்சர் இதழில் இரண்டு குழுக்கள் பதில் சொல்லின. லண்டனில் ஆங்கஸ் டால்கிளிஷ், ராபின் வெய்ஸ் குழுவினர் 155 ஆன்டிபாடிகளை வரிசையாகச் சோதித்தார்கள். அணுவின் மேல் எந்தப் புரதத்தை மூடினால் வைரஸ் உள்ளே போக முடியாமல் தவிக்கிறது என்று பார்ப்பது திட்டம். 155இல் 14 மட்டும் சிடி4ஐப் பிடிப்பவை. அந்த 14உம் வைரஸைத் தடுத்தன. பாரிஸில் டேவிட் க்ளாட்ஸ்மன் குழுவினரும் அதே முடிவுக்கு வந்தார்கள். எண்ணுவதற்காகச் செய்த ஆன்டிபாடி, வைரஸ் நுழையும் வாசலைக் காட்டிக்கொடுத்தது.

அந்த வாசல் வைரஸுக்காகக் கட்டப்பட்டதல்லவே. சிடி4இன் சொந்த வேலை என்ன? 1988இல் பாஸ்டனில் கிறிஸ்டோபர் ரட் குழுவும், அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களில் ஆந்த்ரே வெய்யெட் குழுவும் அதைத் தெளிவுபடுத்தின. சிடி4இன் வால் அணுவுக்குள் நீண்டிருக்கிறது. வாலில் எல்சிகே என்ற நொதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிருமியின் துண்டை மற்றொரு அணு ஏந்திக் காட்டும்போது, டி அணுவின் ஏற்பி அதைப் பிடிக்கும். சிடி4 அந்தத் துண்டைத் தாங்கும் புரதத்தின் பக்கவாட்டைப் பிடிக்கும். இரண்டும் பக்கம் பக்கமாக வந்ததும், எல்சிகே ஏற்பியின் உள்வால்களில் பாஸ்பேட் ஏற்றும். அதைப் பார்த்து ஜாப்70 என்ற அடுத்த நொதி வந்து உட்காரும். அதிலிருந்து சங்கிலி அணுவின் கருவரை போகும். வெளியே ஏதோ வந்திருக்கிறது என்ற செய்தி உள்ளே போவது இப்படித்தான். ஆய்வகத்தில் சிடி4 ஆன்டிபாடியை ஊற்றும் ஒவ்வொருவரும், ஒரு சமிக்ஞைப் புரதத்தைத்தான் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

1980 முதல் 1988 வரையிலான இந்த வருடங்களில் இந்தியாவில் என்ன நடந்தது?

டெல்லியில் சாணக்யபுரிக்குத் தெற்கே, ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழக நிலத்தில், ஜி.பி. தல்வாரின் முனைப்பில் தேசிய நோயெதிர்ப்பியல் நிறுவனம் 1981இல் பிறந்தது. ஆன்டிபாடி அறிவு நாட்டில் இல்லாமல் இல்லை. ஆனால் எய்ட்ஸ் பற்றி அரசின் எண்ணம் வேறு. இது வெளிநாட்டுக்காரர்களின் நோய், நம்முடைய பண்பாட்டுக்கு வராது என்று பேசினார்கள். வெளிநாட்டு மாணவர்களுக்குக் கட்டாயச் சோதனை என்ற உத்தரவு வந்தது. ஆப்பிரிக்க மாணவர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். தூதரகங்கள் நிறைந்த நகரத்தில் நோயை அந்நியர் கணக்கில் எழுதுவது வசதியாகத்தான் இருந்திருக்கும். அந்த வசதியைக் கெடுத்தது மெட்ராஸ்.

மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் மைக்ரோபயாலஜி பேராசிரியர் சுனிதி சாலமன். 1985 டிசம்பரில் தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம், ஆய்வேட்டுக்கு எய்ட்ஸை எடுத்துக்கொள் என்றார். நிர்மலாவுக்கு 32 வயது, இரண்டு சின்னக் குழந்தைகள், கிராமத்துப் பாரம்பரியக் குடும்பம். இதற்கு முன் பம்பாயில் சோதித்துப் பார்த்ததில் ஒன்றும் அகப்படவில்லை. இவர் தயங்கினார், கணவர்தான் தைரியம் கொடுத்தார். காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களிடமிருந்து மூன்று மாதத்தில் 80 ரத்த மாதிரிகள் எடுத்தார். கையுறை கிடையாது. சீரத்தைப் பிரித்து வைக்க ஆய்வகத்தில் வசதி கிடையாது, வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில்தான் வைத்தார். எச்.ஐ.வி தொற்றைக் கண்டறியும் எலிசா சோதனை மெட்ராஸிலேயே இல்லை. வேலூர் சி.எம்.சி.யில் இருந்தது.

1986 பிப்ரவரியில் ஐஸ் பெட்டியில் மாதிரிகளை அடுக்கிக்கொண்டு, கணவரோடு இரவு ரயிலில் காட்பாடி. அங்கிருந்து ஆட்டோவில் வேலூர். வைராலஜித் துறையில் டி. ஜேக்கப் ஜான் தலைமை. காலையில் சோதனையைத் தொடங்கினார்கள். நடுவே மின்சாரம் போனது, டீ குடிக்கப் போனார்கள். திரும்பி வந்து ஜார்ஜ் பாபு தட்டின் மூடியைத் திறந்தார், உடனே மூடிவிட்டார். ஆனால் நிர்மலா பார்த்துவிட்டார். ஆறு குழிகள் மஞ்சளாகியிருந்தன.

அந்த மஞ்சளையும் ஆன்டிபாடிகள்தான் உண்டாக்குகின்றன. குழியின் அடியில் வைரஸின் புரதம் பூசியிருக்கும். நோயாளியின் ரத்தத்தில் அதற்கெதிரான ஆன்டிபாடி இருந்தால் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் இன்னோர் ஆய்வக ஆன்டிபாடியை ஊற்றுவார்கள். இது மனித ஆன்டிபாடியைப் பிடிக்கும், கூடவே ஒரு நொதியையும் இழுத்துவரும். நொதி நிறத்தை மாற்றும். ஒட்டவில்லையென்றால் கழுவும்போதே போய்விடும், நிறம் மாறாது. உண்டு, இல்லை என்ற இரண்டு பதில்தான்.

மறுபடியும் ரத்தம் எடுத்து, அமெரிக்காவுக்கு அனுப்பி, வெஸ்டர்ன் ப்ளாட் சோதனையில் உறுதிப்படுத்தினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கும், அதன் வழியாக டெல்லிக்கும் செய்தி போனது. மே மாதம் தமிழகச் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தபோது, சுனிதியும் நிர்மலாவும் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நிர்மலாவின் ஆய்வேடு 1987 மார்ச்சில் சமர்ப்பிக்கப்பட்டது. தமிழகத்தில் எய்ட்ஸ் கண்காணிப்பு என்பதுதான் தலைப்பு. இந்தியாவின் எய்ட்ஸ் வரலாறு ஒரு முதுகலை மாணவியின் ஆய்வேட்டில் தொடங்குகிறது என்பதை டெல்லியில் எழுதப்படும் அறிக்கைகள் ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றன.

கிருமி இருக்கிறதா என்று சொல்ல எலிசா போதும். அந்தப் பெண்களுக்கு அடுத்து என்ன? எத்தனை நாள்? அதைச் சொல்ல சிடி4 எண்ண வேண்டும். ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சுமார் 500 முதல் 1,500 வரை சிடி4 அணுக்கள் இருக்கும். எச்.ஐ.வி தொற்றியவருக்கு ஆண்டுக்கு ஆண்டு இறங்கும். 200க்குக் கீழே போனால் நியூமோசிஸ்டிஸ் போன்ற சந்தர்ப்பவாத நோய்கள் உள்ளே நுழையும். 1993 ஜனவரி முதல் சிடிசி இந்த 200ஐ எய்ட்ஸின் வரையறையிலேயே சேர்த்தது. வேறெந்த நோய்க்குறியும் இல்லாவிட்டாலும், எண்ணிக்கை 200க்குக் கீழே என்றால் எய்ட்ஸ். அந்த ஓராண்டில் அமெரிக்காவில் பதிவான எய்ட்ஸ் நோயாளிகள் முந்தைய ஆண்டைவிட இரண்டு மடங்குக்கு மேல் கூடினார்கள். வைரஸ் மாறவில்லை, கோடு போட்ட இடம்தான் மாறியது.

இந்தியாவில் 1992இல் உலக வங்கியின் 84 மில்லியன் டாலர் கடனோடு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாகோ உருவானது. 1994இல் தமிழ்நாடு தனக்கென ஒரு கட்டுப்பாட்டுச் சங்கம் அமைத்தது. நாட்டிலேயே முதல் மாநிலச் சங்கம் அது. 1993இல் சுனிதி சாலமன் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற மையத்தைத் தொடங்கினார். தாம்பரத்தில், டாக்டர் சௌரி முத்து 1928இல் காசநோய்க்காகக் கட்டிய சானடோரியம், அரசு நெஞ்சக மருத்துவமனை ஆகியிருந்தது. காசநோயோடு வருபவர்களில் எச்.ஐ.வி உள்ளவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். மற்ற இடங்களில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எல்லாம் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கினார்கள். அங்கே தலைமையிலிருந்த டாக்டர் சி.என். தெய்வநாயகம் ஆங்கில மருந்து எட்டாத விலையில் இருந்த காலத்தில் ரசகந்தி மெழுகு, அமுக்கரா சூரணம், நெல்லிக்காய் லேகியம் மூன்றையும் கொடுத்தார். அவை வைரஸை ஒழித்ததாக நான் எழுத மாட்டேன். ஆனால் படுக்கை கொடுத்து, சாப்பாடு கொடுத்து, காசநோய்க்கு மருந்தும் கொடுத்த இடம் அது என்பதை மறந்துவிட்டு, சித்தாவைக் கேலி செய்வதோடு நிறுத்திக்கொள்வது நியாயமாகாது.

சிடி4 எண்ணுவது அந்தக் காலத்தில் பணக்காரச் சங்கதி. கருவி வெளிநாட்டில் வாங்க வேண்டும், ஆன்டிபாடி 2 முதல் 8 டிகிரிக்குள் குளிரில் வர வேண்டும், பழுது பார்க்க இன்ஜினியர் எங்கிருந்தோ வர வேண்டும். ஒய்.ஆர்.ஜி. கேரில் வேறு வழி தேடினார்கள். என். குமாரசாமியும் சகாக்களும், எல்லா ஊர் லேப்பிலும் செய்யக்கூடிய மொத்த லிம்போசைட் எண்ணிக்கையையே வைத்து மதிப்பிட முடியுமா என்று பார்த்து, 1,400க்குக் கீழே போனால் சிடி4 அநேகமாக 200க்குக் கீழே இருக்கும் என்று 2002இல் எழுதினார்கள். பி. பாலகிருஷ்ணனும் சகாக்களும், லேசர் கருவியே இல்லாமல், சிடி4 ஆன்டிபாடி பூசிய நுண்மணிகளை ரத்தத்தில் கலந்து, சாதாரண மைக்ரோஸ்கோப்பில் கையாலேயே எண்ணும் மலிவான முறையைச் சோதித்து 2004இல் வெளியிட்டார்கள். கருவி இல்லாவிட்டாலும் ஆன்டிபாடி இல்லாமல் முடியவில்லை என்பதைக் கவனியுங்கள்.

2001 பிப்ரவரியில் சிப்லா நிறுவனத்தின் யூசுஃப் ஹமீது, மூன்று மருந்துக் கூட்டை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்து உலக விலையை உடைத்தார். 2003 இறுதியில் மத்திய சுகாதார அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் இலவச மருந்துத் திட்டத்தை அறிவித்தார். 2004 ஏப்ரல் 1 முதல், அதிகம் பாதித்த ஆறு மாநிலங்களிலும் டெல்லியிலுமாக எட்டு அரசு மருத்துவமனைகளில் ஏ.ஆர்.டி. என்ற எச்.ஐ.வி மருந்துச் சிகிச்சை தொடங்கியது. தாம்பரம் அதில் ஒன்று. ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் மூன்றும் சேர்ந்த மாத்திரை, காலையில் ஒன்று, இரவில் ஒன்று. சிடிசி அதற்கு முன்பே தாம்பரத்தோடு சேர்ந்து பணியாற்றத் தொடங்கியிருந்தது.

மருந்து யாருக்கு? நோய் முற்றிய நிலையில் படுத்துவிட்டவர்களுக்கு உடனே. மற்றவர்களுக்கு, சிடி4 200க்குக் கீழே இருந்தால்.

லேப்பில் அது எப்படி நடந்தது என்று கிட்டத்தில் பார்க்கலாம். ஊதா மூடி டியூபில் ரத்தம். உள்ளே ரத்தம் உறையாமல் வைக்கும் உப்பு. நோயாளியின் எண் எழுதிய ஸ்டிக்கர். ஃபேக்ஸ்கவுண்ட் என்ற கருவிக்கான ரீஏஜென்ட், இரட்டை டியூபாக வரும். ஒன்றில் சிடி4, சிடி3 புரதங்களுக்கான ஆன்டிபாடிகள், மற்றதில் சிடி8, சிடி3க்கானவை. கூடவே எண்ணிக்கை தெரிந்த ஒளிர்மணிகள். இந்த சிடி3 எதற்கு என்றால், மோனோசைட் என்ற வெள்ளையணுக்களின் மேலும் சிடி4 கொஞ்சம் இருக்கும். அவற்றைச் சேர்த்து எண்ணிவிடக் கூடாது. இரண்டும் ஒட்டியதுதான் நாம் தேடும் டி அணு. ஆன்டிபாடியில் கட்டியிருக்கும் ஃபைகோஎரித்ரின் என்ற சாயம் கடலின் செம்பாசியிலிருந்து எடுக்கப்படுவது. டெக்னீஷியன் 50 மைக்ரோலிட்டர் ரத்தத்தை அளந்து ஊற்றி, குலுக்கி, ஒரு மணி நேரம் இருட்டில் வைப்பார். வெளிச்சம் பட்டால் சாயம் மங்கிவிடும். பிறகு ஃபார்மால்டிஹைடு கலந்த கரைசலைச் சேர்த்துக் கருவியில் ஏற்றுவார். ஆன்டிபாடி ஒட்டிய அணு லேசர் முன் போகும்போது பளிச்சென்று மின்னும். ஒளிர்மணிகளோடு ஒப்பிட்டுக் கருவி கணக்குப் போட்டு, நீளமான சீட்டில் ஓர் எண்ணை அச்சிடும்.

வெளியே பெஞ்சில் காத்திருப்பவர் கேட்பது ஒன்றே ஒன்று. "சார், சிடி ஃபோர் எவ்வளவு?" எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்காத லாரி டிரைவரும், கணவனைப் புதைத்துவிட்டு வந்த பெண்ணும் இந்தச் சொல்லைத் தமிழ்ச் சொல்போலவே புழங்கினார்கள். பாரிஸில் நிபுணர்கள் கூடி வைத்த எண், சேலம், நாமக்கல் பேருந்துகளில் பேச்சாகிவிட்டது.

இந்த எண்ணின் மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றியது சரியா? ஒரே ஆளுக்குக் காலையில் ஓர் எண், மாலையில் வேறோர் எண் வரும். சளி பிடித்திருந்தால் இறங்கும். கருவிக்குக் கருவி கொஞ்சம் மாறும். 198க்கு மாத்திரை, 212க்கு ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்பதற்கு உயிரியலில் ஆதாரம் கிடையாது. பணத்துக்கும் மாத்திரை இருப்புக்கும் ஏற்றபடி எங்காவது ஒரு கோடு போட வேண்டியிருந்தது, போட்டார்கள். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு இந்த எண் பொருந்தாது, அவர்களுக்குச் சதவீதத்தில் பார்க்க வேண்டும். கோட்டுக்கு மேலே இருந்ததால் திரும்பிப் போனவர்களில் சிலர் மறுமுறை வரவே இல்லை. இதற்காக லேப்பைக் குற்றம் சொல்ல முடியாது. பல மையங்களின் எண்ணிக்கைகள் ஒத்துப்போகின்றனவா என்று புனேயிலுள்ள தேசிய எய்ட்ஸ் ஆராய்ச்சி நிறுவனம் மாதிரிகளை அனுப்பிச் சரிபார்த்துக்கொண்டே இருந்தது. எண் சரியாகத்தான் வந்தது. கோடுதான் தாழ்ந்த இடத்தில் இருந்தது.

கோடு மெல்ல ஏறியது. 200 பிறகு 350 ஆனது, அதன்பின் 500. மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால் நோயாளியும் நன்றாக இருக்கிறார், மற்றவருக்குத் தொற்றுவதும் குறைகிறது என்று ஆய்வுகள் வரிசையாகச் சொன்ன பிறகு, 2017 ஏப்ரல் 28ஆம் தேதி இந்தியா கோட்டையே அழித்தது. எச்.ஐ.வி இருக்கிறது என்று தெரிந்தால் போதும், சிடி4 எத்தனை என்று கேட்காமல் மருந்து. சுனிதி சாலமன் அதைப் பார்க்க இல்லை. 2015 ஜூலை 28இல் காலமானார். அவருக்குப் பத்மஸ்ரீ வந்தது 2017இல், மறைவுக்குப் பின். நிர்மலா கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் பணியாற்றி 2010இல் ஓய்வுபெற்றுவிட்டார்.

கோடு போய்விட்டாலும் ஆன்டிபாடிக்கு வேலை போகவில்லை. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க இப்போது ரத்தத்தில் வைரஸின் அளவையே நேரடியாக அளக்கிறார்கள். ஆனால் முதல் முறை மையத்துக்கு வருபவருக்கு இன்றும் சிடி4 பார்க்கிறார்கள். தாமதமாக வந்து சேர்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எண் 200க்குக் கீழே இருந்தால், ஏ.ஆர்.டி. மாத்திரையோடு நியூமோசிஸ்டிஸ் வராமலிருக்கக் கோட்ரைமாக்சசோலும் எழுதிக் கொடுத்து, காசநோய்க்கும் மூளைப் பூஞ்சைக்கும் சோதனை செய்கிறார்கள்.

வைரஸின் அளவை அளக்கும் முறை எங்கிருந்து வந்தது, அதற்கு ஏன் இந்திய நோயாளிகள் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியிருந்தது என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)